ஆளுக்கு மூன்று அங்குலம்

என் வீட்டுக்காரர் நில அளவையாளர். எங்கள் ஊரில் ‘சேவையர்’ என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும். வலிகாமத்தில் வேலிச் சண்டை இல்லாத ஒழுங்கையே கிடையாது. ஒரு வேலிக் கதியால் அரை அடி தள்ளி நடப்பட்டுவிட்டது என்பதற்காக அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருபது வருடம் முகம் பார்க்காமல் இருப்பார்கள். அங்கே இவர் போய் நாடாவை இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் வாயைப் பொத்திக்கொள்ளும். சேவையர் அளந்தால் அளந்ததுதான். இப்படிக் குடாநாட்டில் பாதியை அளந்து முடித்த மனிதர், ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. அவருடைய சொந்த உயரத்தைத்தான் சொல்லுகிறேன்.

நான் மட்டும் பெரிய உத்தமி இல்லை. பாடசாலையில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறேன். கிலோகிராமில் நிறையை எடுத்து, மீற்றரில் உயரத்தை எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதனால் நிறையை வகுத்தால் வருவது உடல் திணிவுச் சுட்டி. வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். “உயரத்தை இரண்டு தரம் பெருக்கிறியள், அதிலை பிழை விட்டால் முழுக்கப் பிழை” என்று பிள்ளைகளின் காதைத் திருகாத குறையாகச் சொல்லுவேன். அப்படிச் சொல்லுகிறவள் இருபத்தேழு வருடமாகத் தன் உயரத்தில் மூன்று அங்குலத்தை ஒளித்து வைத்திருந்தாள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கலியாணம் பேசின நேரத்தில் என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் விளையாடினவள் நான். தவணைக்கு ஒரு தரம் சுவரோடு நிறுத்தி அளந்தவர்கள், ஆகவே சந்தேகமே இல்லை. ஆனால் என் சின்னம்மாவுக்கு ஒரே கவலை. “உந்த நெடுவலை ஆர் கட்டுவான்?” என்று என் முகத்துக்கு நேரேயே கேட்பார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் குறிப்பை எழுதும்போது அவரே பேனையை வாங்கி ‘ஐந்தடி இரண்டு’ என்று போட்டுவிட்டார். சாதகத்தைத் தொடவில்லை, கிரகத்தை மாற்றினால் பாவம் என்று பயம். உயரத்துக்கு அப்படி ஒரு தெய்வமும் காவல் இல்லைப்போலும்.

மாப்பிள்ளை பகுதியிலிருந்து வந்த குறிப்பில் ‘ஐந்தடி ஏழு’ என்று இருந்தது. சின்னம்மாவுக்குப் பரம திருப்தி.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில். தற்செயலாகச் சந்தித்ததுபோல் இரண்டு பகுதியும் நல்லூருக்கு வந்து, தற்செயலாக ஒரே தூணடியில் நிற்கும். இதில் உள்ள கரைச்சல், கோயிலுக்குள் செருப்புப் போட முடியாது. அவரவர் உயரம் அவரவர் காலில்தான். நான் சேலைக்குள்ளே முழங்காலை மடித்துக்கொண்டு நின்றேன். பூசை முடிய அரை மணித்தியாலம் ஆனது. தொடை இரண்டும் நடுங்கியது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு நல்ல கூச்சம்” என்று மெச்சினார்களாம். அவரோ ஒரு படிக்கு மேலே நின்றவர், கடைசி வரைக்கும் இறங்கவே இல்லை.

கலியாணம் முடிந்த கிழமையே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் இருவரும் நின்றபோது என் உச்சி அவருடைய உச்சிக்கு ஒரு விரல் மேலே இருந்தது. நான் ஐந்தடி ஐந்து என்றால் இவர் எங்கே ஐந்தடி ஏழு? சரியான புழுகன்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எதை வைத்துக் கேட்பது? “உங்கடை உயரம் பொய்” என்றால், “உமக்கெப்படித் தெரியும்?” என்பார். ஆகவே தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டேன், தட்டைச் செருப்பு வாங்கிக்கொண்டேன், படம் எடுக்கும்போது கதிரை கேட்டு இருந்துகொண்டேன். அவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு கள்ளரும் ஒரு வீட்டுக்குள் சமாதானமாக இருந்தோம்.

போன வருடம் அவருடைய அண்ணை மாரடைப்பில் போனார். அறுபது வயது. அரியாலையில் தன் வீட்டு முற்றத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்தவர், அப்படியே படியில் இருந்துவிட்டார். பிறகு எழும்பவில்லை. இரண்டு சகோதரரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல, உயரமும் ஒன்றுதான். சேட்டுகளைக்கூட மாற்றி மாற்றிப் போடுவார்கள். இவர் மூன்று மாதம் சரியாகக் கதைக்கவில்லை, ஆனால் சாப்பாடு மட்டும் இரண்டு பங்காகிவிட்டது. துக்கம் சிலருக்கு வாயைக் கட்டும், இவருக்கு வாயைத் திறந்துவிட்டது.

கம்பஸில் படிக்கும் எங்கள் மகள் விடுமுறைக்கு வந்தபோது தகப்பனைப் பார்த்துப் பயந்துபோனாள். அவள்தான் ஒரு மின்தராசு வாங்கி வந்து, எங்கள் இருவருடைய போனிலும் அந்த உடல் திணிவுச் சுட்டியைக் காட்டுகிற செயலியைப் போட்டுவிட்டாள். நிறையையும் உயரத்தையும் கொடுத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும்.

“அப்பா, உங்கடை உயரம்?”

“நூற்று எழுபது சென்ரிமீற்றர்.” யோசிக்காமல் சொன்னார். ஐந்தடி ஏழு.

நிறை எழுபத்திரண்டு கிலோ. போன் இருபத்து நான்கு புள்ளி ஒன்பது என்று காட்டியது. பச்சை! மயிரிழையில் பச்சை. இருபத்தைந்தில் மஞ்சள் தொடங்கும்.

“பாத்தியே பிள்ளை? கொப்பர் பச்சை!” என்று துள்ளினார்.

“அம்மா, நீங்கள்?”

நான் வழக்கம்போல் தோளைக் கூனிக்கொண்டு, “நூற்று ஐம்பத்தேழு” என்றேன். நிறை அறுபத்திரண்டு. இருபத்தைந்து புள்ளி இரண்டு. மஞ்சள்.

மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அம்மா, நீங்கள் சுகாதாரம் படிப்பிக்கிற ரீச்சர்!” என்றாள். அன்றோடு எனக்கு வெள்ளைமாப் புட்டு நின்றது. குரக்கன் புட்டு, அவித்த போஞ்சி, சீனி இல்லாத பிளேன்ரீ. கம்பஸுக்குத் திரும்பிப் போன பிறகும் பொழுதுபட்டால் போன் எடுத்து, “என்னம்மா சாப்பிட்டனீங்கள்?” என்று விசாரணை வைப்பாள். நேராக நிமிர்ந்து நின்றால் நானும் பச்சைதான். அதைச் சொல்ல வாய் வரவில்லையே! எனக்கு முன்னால் இருந்து பச்சை மனிதர் ஆட்டிறைச்சிக் குழம்புக்குள் இடியப்பத்தை ஊறப்போட்டு, பதினான்கு, பதினைந்து என்று போய்க்கொண்டிருப்பார். நான் போஞ்சியைக் கடித்துக்கொண்டு பல்லையும் கடிப்பேன்.

இதில் ஒரு புதினம். இவர் என்னைச் சாப்பிடவே சொல்லிக்கொண்டிருந்தார். “இஞ்சேரும், உமக்கு ஒண்டுமில்லை. உந்தப் போனை விட்டுட்டுச் சாப்பிடும்” என்று தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து என் கோப்பையில் போடுவார். தான் தின்னுகிற குற்றத்துக்குத் துணைக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்து, துண்டைத் திருப்பி அவருடைய கோப்பைக்கே எறிவேன்.

ஞாயிறு காலையில் தராசில் ஏறுவார். எழுபத்திரண்டு என்றால் அன்றைக்குக் கொண்டாட்டம். எழுபத்து மூன்று என்றால் இரவுச் சாப்பாட்டை விட்டு, கைமணிக்கூட்டைக் கழற்றிவைத்து, திங்கள் காலையில் மறுபடி ஏறுவார். ஒரு வேலியைக் காப்பதுபோல் அந்த எழுபத்திரண்டைக் காத்தார். டொக்டரிடம் ஒருக்கால் காட்டுவோம் என்று கேட்டால், “பச்சையா இருக்கிற மனுசனை ஏனப்பா டொக்டரிட்டை இழுக்கிறீர்?” என்பார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணையின் முதலாம் வருட ஆட்டத்திவசம் வரைக்கும். சாப்பாட்டுப் பந்தியில் இவர் வாழையிலைக்கு முன்னால் இருந்தார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து தோளில் தட்டி, “ஆள் நல்லா வந்திட்டீர்! அப்பிடியே அண்ணையை உரிச்சு வைச்சமாதிரி. அதே வண்டி, அதே இருப்பு!” என்று அந்த வண்டி வயிற்றையும் ஒரு தட்டுத் தட்டினார். மெச்சித்தான் சொன்னார். எங்கள் ஊரில் உடம்பு வைத்தவனை ‘நல்லா வந்திட்டான்’ என்பார்கள், ஒழுங்காக இருக்கிறவனைக் கண்டால் ‘உடம்புக்கு என்ன வருத்தம்?’ என்று கேட்பார்கள். இவரும் வாயில் பாயாசத்தோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன். இவருடைய உண்மையான உயரத்தை நூற்று அறுபத்து மூன்றென்று வைத்தாலும் சுட்டி இருபத்தேழு. இந்த மனிதர் பச்சை இல்லை. நான் ஒருத்திதான் அதை அறிந்தவள். என் மூன்று அங்குல வெட்கத்துக்காக வாயை மூடிக்கொண்டு, இவரைச் சாகக் கொடுக்கப்போகிறேனா?

அதற்காக உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான்கு நாள் கிடந்து உழன்றேன். இவர் கணக்குச் சுத்தமான மனிதர். ஒரு அங்குல வேலிக்கு வழக்குப் போட்டுக் கோடு ஏறுகிற ஊரில் பிறந்து, ஒரு அங்குலம் பிசகாமல் அளந்து சோறு தின்னுகிறவர். அவரிடம் போய், “நான் முழங்காலை மடிச்சுக்கொண்டு நிண்டுதான் உங்களைக் கட்டினனான்” என்று எப்படிச் சொல்லுவது? கடைசியில் வாயால் சொல்லுவதில்லை, அளவுகோல் சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் நடுத்தர வயதுக்காரருக்கு இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள்.

“எனக்கு மஞ்சள்தானே, நான் காட்டப்போறன். என்னைக் கொண்டுபோய் விடுங்கோ” என்றேன்.

மோட்டார்சைக்கிளில் கொண்டுபோனார். வாசலில் விட்டுவிட்டு ஓடத்தான் பார்த்தார். உள்ளே இருந்த நேர்ஸ் குருநகர்ப் பிள்ளை, வாய் பொல்லாதது. “ஐயா, வந்தனீங்கள் வந்தாச்சு. உங்களையும் பாப்பம். ஊசி இல்லை, பயப்பிடாதையுங்கோ!” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் வெட்கத்தில் வந்து இருந்துவிட்டார்.

முதலில் என்னைக் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அளவுத் தூணில் போய் நின்றேன். பழக்கத்தில் தோள் தானாகக் கூனியது.

“அம்மா, நிமிர்ந்து நில்லுங்கோ. குதிக்கால், முதுகு, தலை எல்லாம் பின்னாலை முட்டவேணும்.”

இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்தேன். முதுகெலும்பு ‘கடக்’ என்று ஒரு சத்தம் போட்டது. நேர்ஸ் கட்டையை உச்சியில் இறக்கி, சந்தையில் விலை கூறுவதுபோல் கூவினாள்: “நூற்று அறுபத்தைஞ்சு!”

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நிறை பார்த்தாள், கணக்குப் பார்த்தாள். “இருபத்திரண்டு புள்ளி எட்டு. அம்மா, நீங்கள் நல்ல அளவு. ஆர் உங்களுக்கு மஞ்சள் எண்டு சொன்னது?” நான் இறங்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்து இருந்தேன்.

அடுத்தது அவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினார். கட்டை இறங்கியது.

“நூற்று அறுபத்திரண்டு.”

“பிழை” என்றார்.

“என்ன பிழை ஐயா?”

“உங்கடை தடி பிழை. நான் நூற்று எழுபது.”

“காலமை துடக்கம் நாப்பது பேரை அளந்தாச்சு, ஒருத்தரும் தடியிலை பிழை சொல்லேல்லை!”

அவர் இறங்கி வந்து, கூடவே கொண்டு திரியும் வேலைப் பையைத் திறந்து, தன் உருக்கு நாடாவை எடுத்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அந்த மண்டபத்தில் அத்தனை பேரும் பார்த்திருக்க, குந்தியிருந்து அளவுத் தூணை நிலத்திலிருந்து அளக்கத் தொடங்கினார். நூறு. நூற்று ஐம்பது. நூற்று அறுபத்திரண்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். தூணில் ஒரு நூல்கூடப் பிசகு இல்லை. வாங்கில் இருந்த கிழவர் ஒருவர், “சேவையர், காணிக்குள்ளை ஆஸ்பத்திரி நிக்குதோ, றோட்டிலை நிக்குதோ?” என்று கேட்டார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நாடாவை என்னிடம் நீட்டினார். “நீர் அளவும்.”

சுவரோடு நின்றார். குதிக்காலைச் சுவரில் முட்டவைத்தேன். நேர்ஸிடம் ஒரு கொப்பி வாங்கி, தலையில் தட்டையாக வைத்து, பென்சிலால் அடையாளம் போட்டேன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே முறை. நாடாவை அவரே பிடித்து, அவரே வாசித்தார். நூற்று அறுபத்திரண்டு. சொந்த நாடாவோடு சண்டை பிடிக்க அவரால் முடியவில்லை.

நேர்ஸ் கணக்குப் பார்த்தாள். “இருபத்தேழு புள்ளி நாலு. ஐயா, எங்கடை ஆக்களுக்கு இருபத்துமூண்டு தாண்டினாலே கவனமா இருக்கச் சொல்லுறம். வெள்ளைக்காரனுக்கு இருபத்தைஞ்சு எண்டால், எங்களுக்கு அதுக்கு முந்தியே சீனியும் பிறஷரும் வந்திடும்.” இடுப்பைச் சுற்றி ஒரு நாடா போட்டாள். “தொண்ணூறுக்கை நிக்கவேணும், நீங்கள் தொண்ணூற்றெட்டு. அந்தச் சுட்டியை விட எனக்கு இந்த வண்டியிலைதான் பயம்.” பிறஷர் பார்த்தாள். கூடத்தான் இருந்தது. “பயப்பிடுற அளவு இல்லை. ஆனா டொக்டர் பாக்கவேணும், கொஞ்சம் இருங்கோ” என்றாள். இப்போது அவளுடைய குரல் தணிந்திருந்தது.

வெளி விறாந்தை வாங்கில் போய் இருந்தோம். என் முறை வந்துவிட்டது என்று தெரியும். “இஞ்சருங்கோ, நான் அண்டைக்குக் கோயிலிலை…” என்று தொடங்கினேன்.

“அது தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“உம்மடை குறிப்பிலை உயரம் பொய் எண்டு கலியாணம் முடிஞ்ச கிழமையே தெரியும். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டனாங்கள்தானே? நான் நூற்று எழுபது, நீர் எனக்கு மேலை. அப்ப நீர் நூற்று எழுபத்துமூண்டு, ஐஞ்சடி எட்டு எண்டு கணக்குப் போட்டு வைச்சிருந்தன். அவ்வளவு உயரத்தையும் குனிஞ்சு குனிஞ்சு மறைக்கிறீரே எண்டு எனக்குப் பாவமாக் கிடக்கும். சொன்னால் நீர் வெக்கப்படுவீர் எண்டு சொல்லேல்லை.” தொடர்ந்து, “பிள்ளை உம்மை மஞ்சள் எண்டு சொல்லேக்கையும் நான் மனதுக்குள்ளை வகுத்துப் பாத்தன். நூற்று எழுபத்துமூண்டுக்கு இருபது புள்ளி ஏழுதான் வந்தது. இந்த மனுசி மெலிஞ்செல்லோ போகுது எண்டுதான் இறைச்சி போட்டனான்” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபத்தேழு வருடமாகப் புழுகன் என்று மனதுக்குள் ஏசினேன். அந்த மனிதர் புழுகவே இல்லை. மனதாரத் தான் ஐந்தடி ஏழு என்று நம்பி, என்னை ஒரு பனை என்று நினைத்து, அந்தப் பனையோடு சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

“அப்ப உங்களுக்கு ஆர் சொன்னது நூற்று எழுபது எண்டு?”

“அண்ணைதான்” என்றார். “குறிப்பை அண்ணைதான் எழுதினவர். எங்கள் ரெண்டு பேருக்கும் ஐஞ்சடி ஏழு எண்டார். அண்ணை சொன்னாப் பிறகு நான் ஏன் அளக்கிறன்? வேலைக்கு எடுக்கேக்கையும் கேட்டுத்தான் எழுதினவங்கள், சண்டை நேரம், ஆர் அளந்தது?” பிறகு மெல்ல, “டொக்டரிட்டைப் போவம் எண்டு நான் அண்ணையை எத்தினை தரம் கேட்டனான். ‘எங்கடை உயரத்துக்கு இந்த உடம்பு காணாது தம்பி’ எண்டு சிரிப்பார்” என்றார்.

சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்து, நேர்ஸ் தந்த துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுபத்தைந்து என்று எழுதினார். அண்ணையின் கடைசி நிறை. அதன் கீழே ஒன்று புள்ளி ஆறு இரண்டு என்று எழுதி, அதையே அதனால் பெருக்கி, வகுத்தார். இருபத்தெட்டு புள்ளி ஆறு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஊர் முழுக்க அளந்தன். அண்ணையை அளக்கேல்லை” என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி விறாந்தை, பத்துப் பேர் பார்க்கிறார்கள், பரவாயில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இரவைக்கு எனக்கு எத்தினை இடியப்பம்?”

“ஐஞ்சு” என்றேன். குறைந்தது எட்டுத் தா என்பார், ஏழில் முடிப்போம் என்று நினைத்துத்தான் ஐந்தில் தொடங்கினேன்.

“சரி” என்றார். பேரம் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.